தோல்வியின் நினைவும் ஒரு நகரின் பண்பும்: பஃபலோ உதைபந்தாட்ட இரசிகர் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வரலாறு பெரும்பாலும் வென்றோரின் பெயரால் எழுதப்படுவது. போரில் வென்ற மன்னன் தன் புகழைக் கல்லிலே பொறித்தான். தோற்றவனின் ஊர் எரிந்த செய்தி அக்கல்வெட்டின் ஒரு வரியாக மட்டும் எஞ்சிற்று. எனினும், தோற்றவர் தம் தோல்வியை எவ்வாறு நினைவிற் கொண்டனர், அத்தோல்விக்குக் காரணமானவன் எனக் கருதப்பட்டவனை எவ்வாறு நடத்தினர் என்பன ஒரு சமுதாயத்தின் இயல்பை அறிவதற்கு வெற்றிச் செய்திகளினும் சிறந்த சான்றுகளாதல் கூடும். சங்க காலத்திலேயே இதனை உணர்ந்தோர் இருந்தனர். வெண்ணிப் போரிலே கரிகாலன் வென்றான். முதுகிற் புண்பட்ட நாணத்தால் சேரமான் வடக்கிருந்து உயிர் நீத்தான். வென்றவனை நோக்கிப் பாடிய வெண்ணிக் குயத்தியார், தோற்றவனே மேலானவன் என்னும் கருத்தை அவ்வென்றவனிடமே கூறத் தயங்கவில்லை.

விளையாட்டின் வரலாறும் இத்தகைய ஆய்வுக்கு இடமளிப்பதே. ஐக்கிய அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தின் மேற்கெல்லையில், ஈரி ஏரிக்கரையில் அமைந்தது பஃபலோ நகரம். அந்நகரின் உதைபந்தாட்டக் குழுவாகிய பஃபலோ பில்ஸ் 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் நாட்டின் இறுதிப் போட்டியாகிய சுப்பர் போலில் ஆடியது, நான்கிலும் தோற்றது. நான்கு முறை தொடர்ச்சியாக அப்போட்டிக்குச் சென்ற குழு வேறொன்றில்லை. இத்தோல்விகளை அக்குழுவின் இரசிகர் எவ்வாறு ஏற்றனர், அவர்களின் கூடிக் களிக்கும் வழக்கத்திற்கும் தோல்வி பற்றிய நினைவுக்கும் உள்ள தொடர்பு யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டு உதைபந்தாட்டம் என்றது நாம் நன்கறிந்த ஆட்டத்தை அன்று. அமெரிக்க உதைபந்தாட்டத்திற் பந்து பெரிதும் கையாலேயே எடுத்துச் செல்லப்படும், எறியப்படும். எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்தால் 6 புள்ளிகள். அவ்வாறு சேர்க்க இயலாதபோது இரு கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்துச் செலுத்தினால் 3 புள்ளிகள். இவ்வுதையைச் செய்வதற்கென்றே ஒருவர் குழுவில் இருப்பார். அவர் களத்தில் நிற்கும் நேரம் மிகக் குறைவு. ஆயினும் ஆட்டத்தின் முடிவு அவர் காலிலே தங்கிவிடும் வேளைகள் உண்டு.

நகரின் ஏற்றமும் இறக்கமும்

ஈரிக் கால்வாய் 1825ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டபோது அதன் மேற்கு முனையாக அமைந்தது பஃபலோ. உள்நாட்டுச் சமவெளிகளில் விளைந்த தானியம் ஏரிகளின் வழியாக இங்கு வந்து, கால்வாய் வழியாக நியூயோர்க் துறைமுகத்தைச் சென்றடைந்தது. நீராவியால் இயங்கும் தானியக் களஞ்சியம் 1842இல் இங்கே அமைக்கப்பட்டது. தானியத்தைத் தொடர்ந்து உருக்கு வந்தது. அயர்லாந்து, ஜேர்மனி, போலந்து, இத்தாலி ஆகிய நாடுகளிலிருந்தும், பின்னர் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வந்து குடியேறினர். 1900ஆம் ஆண்டிலே நாட்டின் எட்டாவது பெரிய நகரமாகப் பஃபலோ விளங்கிற்று.

இவ்வேற்றம் நிலைக்கவில்லை. 1959இற் சென் லோறன்ஸ் நீர்வழி திறக்கப்பட்டதும் கப்பல்கள் பஃபலோவில் நில்லாது கடல்வரை செல்லலாயின. உருக்குத் தொழிலும் தளர்ந்தது. அண்மையிலுள்ள லக்கவானாவில் ஒருகாலத்தில் ஏறத்தாழ 20,000 பேருக்கு வேலை தந்த பெத்லஹேம் உருக்காலை 1983இல் உருக்கு உற்பத்தியை நிறுத்தியது. 1950இல் 580,132 ஆக இருந்த நகரின் சனத்தொகை 1990இல் 328,123 ஆகக் குறைந்தது. நாற்பது ஆண்டுகளில் நகரம் தன் மக்களில் ஐந்தில் இரண்டு பங்கிற்கு மேல் இழந்துவிட்டது. இவ்விழப்பின் நடுவிலேயே பில்ஸ் குழுவின் கதை நிகழ்கிறது.

அக்குழு 1960இலே ஆடத் தொடங்கியது. அன்றைய அமெரிக்க உதைபந்தாட்ட லீக்கின் பட்டத்தை 1964, 1965 ஆகிய ஆண்டுகளில் அது வென்றது. அப்போது சுப்பர் போல் என்பது இல்லை. முதலாவது சுப்பர் போலுக்குச் செல்லும் வாய்ப்பை நிர்ணயித்த ஆட்டம் 1967 ஜனவரி 1ஆம் திகதி நடைபெற்றது. அதிலே கன்சாஸ் சிற்றியிடம் 31-7 எனப் பஃபலோ தோற்றது. எட்டியும் எட்டாமலும் நிற்றல் என்னும் நிலை அன்றே தொடங்கிவிட்டது எனலாம். 1970களில் மயாமிக் குழுவிடம் தொடர்ந்து 20 ஆட்டங்களில் தோற்றமையும், 1984, 1985 ஆகிய இரு பருவங்களிலும் பதினாறில் இரண்டு ஆட்டங்களை மட்டுமே வென்றமையும் இதன் தொடர்ச்சி.

தரிப்பிடத்து விருந்து

ஆட்டம் தொடங்குவதற்குப் பல மணி நேரம் முன்னரே வாகனத் தரிப்பிடத்திற் கூடி, அடுப்பு மூட்டி, இறைச்சி சுட்டு, பகிர்ந்துண்டு களிக்கும் வழக்கம் அமெரிக்காவிலே 'டெயில்கேற்' எனப்படும். வண்டியின் பின்கதவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் இது. அக்கதவைத் தாழ்த்தி, அதனையே மேசையாக்கி உணவு பரப்பியமையால் வழக்கத்திற்கும் அப்பெயர் வந்தது. 1861 ஜூலை 21ஆம் திகதி நிகழ்ந்த புல் றன் போரை வேடிக்கை பார்க்க வாஷிங்ரனிலிருந்து உணவுக் கூடைகளுடன் சென்ற கனவான்களிடமே இதன் தோற்றத்தைக் காண்போர் உளர். கதை சுவையானதே, ஆயின் அதற்கும் இவ்வழக்கத்திற்கும் இடையே தொடர்ச்சி காட்டுதல் எளிதன்று. வழக்கம் பெருகியதற்கான காரணத்தை மோட்டார் வண்டியின் வரலாற்றிலே தேடுவதே பொருத்தம்.

பஃபலோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொடக்கத்திற் பில்ஸ் குழு ஆடிய போர் நினைவு அரங்கு நகரின் கிழக்குப் பகுதியில், தொழிலாளர் வீடுகளுக்கு நடுவே இருந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தின்போது அரசாங்க வேலைத்திட்டத்தின் கீழ்க் கட்டப்பட்ட அவ்வரங்கிற்கு மக்கள் நடந்தும் பஸ்ஸிலும் வந்தனர். 1973இலே குழு நகருக்குத் தெற்கேயுள்ள ஓர்ச்சட் பார்க் என்னும் புறநகரிற் புதிய அரங்கிற்குப் பெயர்ந்தது. ஏறத்தாழ 80,000 பேர் அமரக்கூடிய அவ்வரங்கைச் சூழ இருந்தவை கடைத்தெருக்களல்ல, பரந்த தரிப்பிடங்களே. வண்டியில்லாதார் அங்கு செல்வது கடினமாயிற்று. பழைய அரங்கைச் சூழ வாழ்ந்தோரிற் கறுப்பின மக்கள் பலர் என்பதையும், பெயர்ச்சியால் ஆட்டம் அவர்கள் வாசலைவிட்டு அகன்றது என்பதையும் இவ்வழக்கத்தைப் போற்றுவோர் மறந்துவிடலாகாது.

ஆயினும் அத்தரிப்பிடங்களிலே புதிய ஊரொன்று உருவாயிற்று. ஒரே குடும்பத்தினர் ஆண்டுதோறும் அதேயிடத்தில் வண்டியை நிறுத்துவர். பக்கத்து வண்டிக்காரர் அயலவராவர். அரங்கைச் சூழ்ந்த வீடுகளின் புற்றரைகளும் ஆட்ட நாளில் வாடகைத் தரிப்பிடங்களாகும். 1964இலே பஃபலோவின் உணவுச்சாலையொன்றிற் பிறந்ததாகக் கூறப்படும் காரமான கோழிச் சிறகுப் பொரியலும், உப்பும் கரவே (caraway) விதையும் தூவிய பணிசில் வைத்த மாட்டிறைச்சியும் அங்கு பரிமாறப்படும். பழைய போர்ட் பின்ரோ வண்டியொன்றின் பொனற்றின் மேல் இறைச்சி சுட்ட இரசிகர் ஒருவர் நாடறிந்தவரானார். ஏரியின் மேலாக வீசும் காற்று கொட்டும் பனி இக்கூட்டத்தைக் கலைப்பதில்லை; 2024 ஜனவரியில் அரங்கின் ஆசனங்களைப் பனி மூடியபோது அதனை வாரி அகற்றக் கூலிக்கு வந்தவர்களும் இரசிகர்களே. மதுவெறியும், அதனால் விளையும் சண்டையும், மடிப்பு மேசைகளின் மீது பாய்ந்து அவற்றை உடைக்கும் பிற்கால வேடிக்கையும் இதே கூட்டத்தின் மறுபக்கங்கள்.

வரலாற்று மாணவனுக்கு முக்கியமானது வேறொன்று. ஆட்டம் மூன்று மணி நேரம். அதற்கு முன்னுள்ள காத்திருப்பு நான்கு, ஐந்து மணி நேரம். அடுப்பைச் சூழ்ந்து நிற்போர் இந்நேரத்தில் எதைப் பேசுவர்? சென்ற ஆட்டங்களையே பேசுவர். தந்தை மகனுக்கும் மூத்தவள் இளையவளுக்கும் சொல்லும் இப்பேச்சே வாய்மொழி வரலாறாகிறது. எழுதப்படாத இவ்வேட்டின் நடுப்பக்கத்தில் இருப்பது 1991.

நான்கு தோல்விகள்

1980களின் பிற்பகுதியிற் குழு மீண்டெழுந்தது. அதன் பயிற்றுநர் மார்வ் லெவி ஹாவாட் பல்கலைக்கழகத்தில் ஆங்கில வரலாற்றில் முதுமாணிப் பட்டம் பெற்றவர். ஜிம் கெலி, தேர்மன் தோமஸ், அன்ட்ரே றீட், புரூஸ் சிமித் ஆகியோர் அவர் கீழ் ஆடினர். 1991 ஜனவரி 20ஆம் திகதி சொந்த அரங்கிலே லொஸ் ஏஞ்சலிஸ் குழுவை 51-3 என வீழ்த்திப் பஃபலோ முதன்முறையாகச் சுப்பர் போலை அடைந்தது.

அப்போட்டி ஜனவரி 27ஆம் திகதி புளோரிடாவின் ராம்பா நகரில் நடைபெற்றது. வளைகுடாப் போர் தொடங்கிப் பத்து நாட்களே ஆகியிருந்தன. எதிரணியாகிய நியூயோர்க் ஜயன்ற்ஸ் 20-19 என முன்னணியில் நிற்க, எட்டுச் செக்கன்கள் எஞ்சியிருந்தன. 47 யார் தூரத்திலிருந்து பந்தை உதைக்க ஸ்கொட் நோர்வூட் வந்தார். பந்து உயரமும் தூரமும் பெற்றது. ஆனால் வலப்பக்கக் கம்பத்திற்கு வெளியே சென்றது. "வைட் றைட்" என்று வர்ணனையாளர் கூறிய இரு சொற்கள் பஃபலோவிற் பழமொழியாயின. அதன் பின்னர் பிறந்த பிள்ளையும் அவற்றின் பொருளை அறியும்.

அடுத்த மூன்றும் இத்தகைய நூலிழைத் தோல்விகளல்ல. 1992இலே வாஷிங்ரனிடம் 37-24. 1993இலே டலஸிடம் 52-17. 1994இலே மீண்டும் டலஸிடம் 30-13. 1993ஆம் ஆண்டு ஆட்டத்திற் பஃபலோ ஒன்பது முறை பந்தைப் பறிகொடுத்தது. ஆட்டம் கைநழுவிய நிலையிலும், பந்துடன் எல்லையை நோக்கி ஓடிய டலஸ் வீரரைப் பின்னாலிருந்து துரத்திச் சென்று, எல்லைக்கோட்டருகே பந்தைத் தட்டிவிட்டார் டொன் பீபி. முடிவை அச்செயல் மாற்றவில்லை. ஆயினும் அந்நாளிலிருந்து இரசிகர் எடுத்துச் சொல்வது 52 புள்ளிகளை அன்று, அவ்வோட்டத்தையே.

நான்கு தோல்விகளுக்கும் இடையில் ஓர் அரிய வெற்றியும் உண்டு. 1993 ஜனவரி 3ஆம் திகதி ஹூஸ்ரன் குழுவிடம் 35-3 எனப் பின்தங்கிய பஃபலோ, மேலதிக நேரத்தில் 41-38 என வென்றது. நுழைவுச்சீட்டுகள் முற்றாக விற்பனையாகாமையால் அவ்வாட்டம் நகரின் தொலைக்காட்சியிற் காட்டப்படவில்லை. இடைவேளையில் மனமுடைந்து வெளியேறியவர்கள் வானொலியிற் செய்தி கேட்டுத் திரும்பிவந்து மதிலேறிக் குதித்தனர்.

நயாகராச் சதுக்கம்

1991ஆம் ஆண்டுத் தோல்விக்கு மறுநாள், ஜனவரி 28ஆம் திகதி, நகர மண்டபத்தின் முன்னுள்ள நயாகராச் சதுக்கத்திற் குழுவை வரவேற்க 25,000 முதல் 30,000 வரையிலான மக்கள் கூடினர். மேடையின் பின்புறத்தில் ஒதுங்கி நின்றார் நோர்வூட். கூட்டம் அவர் பெயரைச் சொல்லி அழைக்கலாயிற்று. ஏளனக் குரல் அன்று. அவர் முன்னே வரவேண்டும் என்ற வேண்டுகோள். அவர் வந்தார், கண்ணீரை அடக்க முயன்றவாறே, தாம் இதற்குமுன் இத்தனை அன்பை உணர்ந்ததில்லை என்னும் பொருள்படப் பேசினார்.

இந்நிகழ்ச்சியின் அருமையைப் பிறநாட்டு நிகழ்ச்சிகளோடு ஒப்பிடும்போதே உணரலாம். 1950 ஜூலை 16ஆம் திகதி றியோ டி ஜெனீரோவின் மரக்கானா அரங்கிலே உருகுவேயிடம் பிரேசில் 2-1 எனத் தோற்று உலகக் கிண்ணத்தை இழந்தது. பந்துகாப்பாளர் பார்போசா 2000ஆம் ஆண்டில் இறக்கும்வரை அரை நூற்றாண்டு காலம் அப்பழியைச் சுமந்தார். 1994 ஜூன் 22ஆம் திகதி பசடீனாவின் றோஸ் போல் அரங்கிலே தவறுதலாகத் தம் கோலுக்குள்ளேயே பந்தைச் செலுத்திய கொலம்பிய வீரர் அன்ட்ரெஸ் எஸ்கோபார், பத்து நாட்களின் பின்னர் மெடெலினிற் சுட்டுக் கொல்லப்பட்டார். பஃபலோ 52-17 எனத் தோற்றதும் அதே அரங்கில் என்பது தற்செயலே. தோல்வி ஒரு மனிதன்மீது இறக்கி வைக்கப்படும்போது என்ன நிகழலாம் என்பதற்கு இவ்விரண்டும் சான்றுகள்.

மன்னித்தமைக்கான காரணங்கள்

பஃபலோ மக்கள் இவ்வாறு நடந்ததேன்? முதலாவதாக, ஆட்டத்தை நன்கறிந்தவர்கள் அவர்கள். அறுபது நிமிட ஆட்டத்தில் ஜயன்ற்ஸ் குழு 40 நிமிடம் 33 செக்கன் பந்தைத் தன்னிடம் வைத்திருந்தது. அதனைத் தடுக்க இயலாதிருந்தது முழு அணியின் குறை. அக்காலத்தில் 47 யார் தூரத்து உதைகளிற் கணிசமான பங்கு தவறியே சென்றது. நோர்வூட் வழக்கமாக உதைத்ததோ செயற்கைத் தரையில்; அன்று உதைத்தது புற்றரையில். இறுதிச் செயலைச் செய்தவனே முடிவுக்குக் காரணன் என்னும் எளிய தர்க்கத்தை அறிந்தோர் ஏற்கமாட்டார்.

இரண்டாவது காரணம் நகரின் அனுபவம். உருக்காலை மூடப்பட்டபோது வேலை இழந்தவன் தன் உழைப்பிற் குறைவைத்ததால் இழக்கவில்லை. பிழை செய்யாதவனும் இழக்க நேரும் என்பதைத் தம் வீட்டிலேயே கண்டவர்களுக்கு, முயன்று தவறியவனைப் புரிந்துகொள்ளுதல் எளிதாயிருந்திருக்கலாம். இதனை எண்களால் நிறுவ இயலாது, அனுமானமாகவே கூறலாம்.

மூன்றாவது, தரிப்பிடத்து ஊர் உருவாக்கிய உறவு. பனியிலும் காற்றிலும் அயலவனோடு உணவைப் பகிர்ந்தவன், துக்கத்தையும் பகிர்ந்துகொள்ளப் பழகிவிடுகிறான். சதுக்கத்திற் கூடியது அப்பழக்கமே எனலாம். வெற்றி இல்லாதபோதும் கூடும் வழக்கமுடையோருக்குத் தோல்வி நாளிற் கூடுவது புதிதன்று.

இங்கு எதிர்வாதமும் உண்டு. சதுக்கத்திற் கூடியோர் நகர மக்கள் அனைவருமல்லர். வீட்டிலிருந்து நோர்வூட்டைச் சபித்தோரும் இருந்திருப்பர். அது முதற் தோல்வி. அடுத்த ஆண்டு வெல்லலாம் என்ற நம்பிக்கை அன்பைத் தூண்டியிருக்கலாம். இவ்வாதங்களைப் புறக்கணிக்க முடியாது. ஆயின் பின்னர் நிகழ்ந்தவை பண்பின் தொடர்ச்சியைக் காட்டுகின்றன. 1992 ஜனவரியில் டென்வர் குழுவை 10-7 என வென்று இரண்டாம் சுப்பர் போலுக்குச் சென்றபோது, நோர்வூட் 44 யார் தூரத்திலிருந்து உதைத்த பந்தே வெற்றிக்கு வேண்டிய புள்ளிகளைத் தந்தது. பதினேழு பருவங்கள் இறுதிச் சுற்றுகளை எட்டாதிருந்த பஃபலோவுக்கு, 2017 டிசெம்பர் 31ஆம் திகதி சின்சினாற்றி வீரர் அன்டி டோல்டன் வேறோர் ஆட்டத்திற் பெற்ற வெற்றி வழிதிறந்தது. அவரது அறநிலையத்திற்குப் பஃபலோ இரசிகர் ஆயிரக்கணக்கில் நன்கொடை அனுப்பினர். பலர் அனுப்பியது ஆண்டுக்கு ஒன்றாகப் பதினேழு டொலர்.

2024 ஜனவரி 21ஆம் திகதி பழைய காட்சி மீண்டது. கன்சாஸ் சிற்றியிடம் 27-24 எனப் பின்தங்கிய வேளையிற் பஃபலோவின் ரைலர் பாஸ் உதைத்த பந்து மீண்டும் வலப்புறம் விலகிற்று. அவர்மீது சமூக ஊடகங்களில் வசைமாரி பொழியப்பட்டது. மறுபுறத்தில், அவர் ஆதரித்த பூனைகள் காப்பகத்திற்கு இரசிகர் சிறுசிறு தொகைகளாகப் பணம் அனுப்பித் தம் அன்பைக் காட்டினர். வசையும் அன்பும் ஒரே கூட்டத்திலிருந்தும் எழக்கூடும். எனினும் வசை எழுந்தபோது எவ்வாறு மறுமொழி கூறவேண்டும் என்பதற்கு அந்நகரிடம் முன்மாதிரியொன்று இருந்தது. முப்பத்துமூன்று ஆண்டுகளாகத் தரிப்பிடங்களிற் சொல்லப்பட்டு வந்த கதையே அம்முன்மாதிரி.

முடிவுரை

1998இல் வெளிவந்த 'பஃபலோ 66' என்னும் திரைப்படத்தில், இறுதி உதையைத் தவறவிட்ட வீரனைக் கொல்லத் துணிகிறான் பந்தயத்திற் பணமிழந்த ஒருவன். கலைஞனின் கற்பனை பழிவாங்கலை நாடியது. உண்மையில் நகரம் செய்தது வேறு. அவ்வேறுபாடே இவ்வரலாற்றின் பயன்.

பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, வண்டிகளுக்கென அமைக்கப்பட்ட வெறும் தரையிலே, உணவையும் பேச்சையும் பகிர்ந்து மக்கள் ஓர் உறவை வளர்த்தனர். அவ்வுறவு வெற்றியை நம்பி நிற்கவில்லை. ஆதலால் தோல்வி அதனை உடைக்கவில்லை. அதற்கும் மேலாக, தோற்றவனை விலக்காது மேடைக்கு அழைக்கும் வலிமையையும் அது தந்தது. பட்டங்களின் பட்டியலிற் பஃபலோவுக்கு இடமில்லாதுபோன ஆண்டுகளே அந்நகர மக்கள் இன்றும் சொல்லிக்கொள்ளும் ஆண்டுகளாயின. வென்றோரின் பெயர்களை ஏடுகள் காக்கும். தோற்றவனின் மாண்பைக் காப்பது அவனோடு நின்றோரின் கடமை. 1991 ஜனவரியில் நயாகராச் சதுக்கத்திற் கூடிய மக்கள் அக்கடமையைச் செய்தனர்.